உயிரோடு இருந்தவருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். படத்தை எப்படி வெட்டுவது, எந்த எழுத்து எந்த பேனருக்கு எடுபடும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் அரை நாள் உட்கார்ந்து செய்த வேலையை நீங்கள் அரை மணியில் முடித்துவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் தொழில் சொல்லித் தரப் போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதுக்கோட்டையில் இந்த வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவள் நான். காதணி விழா, கல்யாணம், கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என்று எத்தனை பேனர் செய்திருப்பேனோ தெரியாது. அதில் ஒரு கண்ணீர் அஞ்சலியை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சாவு வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டு, இலுப்பூரிலிருந்தோ கந்தர்வகோட்டையிலிருந்தோ பஸ் ஏறி, போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். நான் பேனர் அடித்து முடிக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சொந்த அண்ணன் அங்கே கிடக்க, தம்பி இங்கே என் கடையில் டீ குடித்துக்கொண்டு பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கே பாவமாக இருக்கும். வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தக் கொடுமை போயிற்று. வீட்டில் இருந்தபடியே படமும் பேர்களும் அனுப்பிவிடுகிறார்கள். யாரும் பிணத்தை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று பழையதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்தத் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு பாதுகாப்பு இருந்திருக்கிறது. அது போனபோதுதான் தெரிந்தது.

அன்று காலை எட்டரை மணிக்குக் கடையைத் திறந்ததும் ஒரு ஆர்டர் வந்திருந்தது. திருவரங்குளம் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊர். இறந்தவர் பேர் கருப்பையா, வயது அறுபத்து நாலு. அனுப்பியவர் அவருடைய அக்கா மகன், செல்வம். ஊர்வலம் மாலை நாலு மணி. கீழே போட வேண்டிய பேர்கள் இருபதுக்கு மேல் இருந்தன. மனைவி இல்லை, முன்பே தவறிவிட்டார். ஒரே மகள், மாலதி. மற்றதெல்லாம் சம்பந்திகள், பங்காளிகள். படம் என்று அனுப்பியிருந்தது ரேஷன் ஸ்மார்ட் கார்டைப் போனில் பிடித்த படம். முகம் என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதறியது.

வேறு நல்ல படம் இருக்கிறதா என்று செல்வத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுத்தார், ஆனால் தப்பு மேளம் அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இருப்பது அதுதான், சீக்கிரம் அனுப்புங்க என்பது மட்டும் காதில் விழுந்தது.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். முகநூலில் ஊர் பேரையும் கருப்பையா என்ற பேரையும் போட்டுத் தேடினேன். மூன்றாவதாகவே ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கொஞ்சம் நரைத்த மீசை, நல்ல வெளிச்சம். யாரோ ஒரு பையன் போட்டிருந்தான். கீழே ‘என் தெய்வம், என் அப்பா கருப்பையா’ என்று எழுதியிருந்தது. ஊர் அதே ஊர், பேர் அதே பேர், வயதும் அப்படித்தான் தெரிந்தது. ரேஷன் கார்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போகிறது என்றே பட்டது. ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் எந்த இரண்டு மீசைக்காரர்களும் ஒத்துத்தான் போவார்கள். ஒரே மகள் என்று நானே டைப் அடித்திருக்கிறேன், மகன் எங்கேயிருந்து வந்தான் என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை. நல்ல படம் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

டிசைனை முடித்து, பேரும் படமும் சரியா என்று பார்த்துச் சொல்லும்படி எழுதி, செல்வத்துக்கு அனுப்பினேன். அரை நிமிடத்தில் சரி என்று கட்டைவிரல் படம் வந்தது. அரை நிமிடத்தில் இருபது பேரை யாராலும் வாசிக்க முடியாது. அதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒரு கையில் பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டைவிரலையும் போட்டு, படத்தைத் திறந்தே பார்க்காமல் ஊர் குரூப்புக்கும் அனுப்பியிருக்கிறார். நான் பிரிண்டுக்குக் கொடுத்தேன்.

பேனர் மெஷினில் பாதி வந்துகொண்டிருந்தது. ஒன்பதே முக்கால் இருக்கும். கடை போனில் ஒரு வெளிநாட்டு நம்பர்.

பேனர் மூலையில் நம் கடை பேரும் நம்பரும் சின்னதாகப் போடுவோமே, அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவுடன் மெதுவாகக் கேட்டார்.

“எங்கப்பாவுக்கு எப்பங்க ஆச்சு?”

யார் பேசுவது என்று கேட்டேன். சரவணன் என்றார். சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாராம். போகிற வழியில் குரூப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அப்பாவுக்குக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். அம்மாவுக்குக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

“அந்த வெள்ளச் சட்டைப் படம் நான் எடுத்ததுங்க. எங்கப்பா நேத்து ரெண்டு தடவ கூப்பிட்டாரு. டூட்டில இருந்தேன், எடுக்கல. அப்புறமும் நான் திருப்பிக் கூப்பிடல. அப்பவே ஒடம்பு முடியாமத்தான் கூப்பிட்டாராங்க?”

டிசைன் எதிரே கம்ப்யூட்டரில் திறந்தே இருந்தது. கண் தானாகக் கீழே போயிற்று. மகள் மாலதி. சரவணன் என்று ஒரு பேர் எங்கேயும் இல்லை. நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அந்த ஒரு நொடியில் புரிந்தது.

கீழே இருக்கும் பேர்களைப் படித்துப் பாருங்கள், உங்கள் பேர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தன் பேரை மட்டும்தான் தேடினார் போலிருக்கிறது, மற்ற பேர்கள் கண்ணில் படவே இல்லை. பிறகு அவர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

“என் பேர விட்டுட்டாங்களே. போன் எடுக்கலங்கற கோவத்துல விட்டுட்டாங்களாங்க?”

நான் உடனே உண்மையைச் சொன்னேன். இது உங்கள் அப்பா இல்லை, வேறு ஒரு கருப்பையா, படத்தை மாற்றிப் போட்டது நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் சொல்வார்கள் என்றார். அவர் அறையில் இருந்த ஒருவருக்கும் அம்மா நன்றாக இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லித்தான் ஊருக்கு வரவழைத்தார்களாம். வந்து இறங்கியபோது மூன்றாம் நாள் காரியமே முடிந்திருந்ததாம்.

“எங்கப்பாவப் பேசச் சொல்லுங்க. அவரு பேசினாத்தான் நம்புவேன். அதுவரைக்கும் இங்கயேதான் நிப்பேன், வண்டிய எடுக்க மாட்டேன்.”

என் சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். விஷயத்தைக் கேட்ட முதலாளி முதலில் மெஷினை நிறுத்தினார். பாதி வந்த பேனரை வெட்டி எடுத்துச் சுருட்டினார். நான் செல்வத்துக்கு அனுப்பிய படத்தை அழித்தேன். அழிக்கப்பட்டது என்று என் போனில் ஒரு வரி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெஷினில் இருந்ததைக் கத்தியால் வெட்ட முடிந்தது. வெளியே போய்விட்டதை என்ன செய்வது? ஊர் குரூப்பில் இரண்டு பேர் படம் தப்பு என்று எழுதியிருந்தார்களாம். அதற்கு மேல் வரிசையாக ஆழ்ந்த இரங்கல் வந்து விழ, அவர்கள் எழுதியது கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டதாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

முதலாளி நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார்: நாம் கேட்டோம், அவர்கள் கட்டைவிரல் போட்டார்கள், சட்டப்படி நம்மேல் தப்பில்லை, நீ பதறாதே. அவர் சொன்னது சரிதான். அந்தக் கட்டைவிரல் என் போனில் பத்திரமாக இருந்தது. அதை யாரிடம் காட்டினாலும் தப்பித்துவிடலாம். ஆனால் சாலை ஓரத்தில் லாரியை நிறுத்திவிட்டு ஒருவன் நிற்கிறான், அவனிடம் அதைக் காட்டி என்ன பிரயோஜனம்? நான் போய்விட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்தேன்.

திருவரங்குளம் போவதற்குள் சரவணன் நாலு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவை நிறுத்தி எடுத்து, போய்க்கொண்டே இருக்கிறேன் என்றேன். அவர் சரி என்று மட்டும் சொன்னார். அங்கிருந்து பிரிந்து தைலமரக்காட்டு வழியாக ஊருக்குள் போகும் ரோட்டில் ஒரு விஷயம் உறைத்தது. செத்தது வேறு கருப்பையா என்று நான் பேர்களை வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். அவருடைய அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதைப் பார்த்தவர் யார்? போன் ஏன் அணைந்திருக்கிறது? அதை நினைத்ததும் வண்டியை இன்னும் வேகமாக விட்டேன்.

ஊர் எல்லையிலேயே ஒரு அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். முந்தானை தரையில் இழுபட்டது. பின்னால் ஒரு பெண் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்க அத்தை நில்லுங்க என்று துரத்தி வந்தாள். நான் வண்டியை நிறுத்தினேன். அந்தப் பெண்தான் சொன்னாள். இந்த அம்மா பேர் வள்ளி. பால்கார கருப்பையாவின் சாவு வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். பக்கத்து ஊரிலிருந்து மாலையோடு வந்த இரண்டு பேர் படத்தை வைத்து விசாரித்து, நேராக வள்ளியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு என்று அழுதிருக்கிறார்கள். வள்ளிக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ போனில் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அதில் அவர் வீட்டுக்காரர் முகம்.

வள்ளியின் வீட்டுக்காரர்தான் சரவணனின் அப்பா. ஊரில் இரண்டு கருப்பையா. ஒருவர் பால்கார கருப்பையா, இன்னொருவர் போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பதால் மோட்டார் கருப்பையா. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். நான் ஊரைக் கேட்கவில்லை. இன்டர்நெட்டைக் கேட்டேன்.

வள்ளியை வண்டியில் ஏறச் சொன்னேன். நான் யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. ஏறி என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊர்வலத்துக்குள் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று காலையில் ஏழு மணிக்கு முந்திரிக்காட்டுக்கு அங்கிட்டு ஒரு போரில் மோட்டார் தூக்கப் போனார் என்றார். அதற்குப் பிறகு வழி மட்டும்தான் சொன்னார், இங்கிட்டு, அங்கிட்டு என்று. அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது.

முந்திரிக்காட்டைத் தாண்டியதும் போரிலிருந்து குழாய் தூக்க நட்டிருந்த ஒரு கப்பிக்கம்பம் தெரிந்தது. மூன்று பேர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் வெள்ளைச் சட்டை போடவில்லை, சந்தனம் இல்லை, மேலெல்லாம் கிரீஸ். ஆனால் அதே முகம். நான் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, பின்னணியை வெட்டி, நிறம் கூட்டி, சுற்றிலும் பூ வைத்த முகம். அது திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு வந்தது பயமா நிம்மதியா என்று இன்றுவரை தெரியாது.

வள்ளி அவர் பக்கத்தில் போய் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படத்தைச் செய்தது நான்தான் என்று அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன். படத்தின் பிரதி ஒன்று என் போனில் இருந்தது; மோட்டார் கருப்பையா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். தன் கண்ணீர் அஞ்சலியைத் தானே மேலிருந்து கீழ்வரை படித்தார். வயசு மூணு கூடப் போட்டிருக்கீங்க என்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குழாய் மேல் உட்கார்ந்துகொண்டார்.

சரவணனுக்கு வீடியோவில் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு லாரிக் கதவும் வெயிலும் தெரிந்தன. பிறகு முகம் வந்தது. அப்பாவைப் பார்த்ததும் அந்தப் பையன் வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

“இருக்கேன்டா. போனு சார்ஜு இல்ல, பைக்குல கெடக்கு” என்றார் அப்பா.

அதற்குப் பிறகுதான் மகன் சத்தமாக அழுதான், அழுதுகொண்டே சிரித்தான், கூடவே அம்மாவும். சுற்றி நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது சரவணன் கேட்டான்.

“அப்ப செத்தது யாருப்பா?”

“நம்ம பால்காரர்டா. நேத்து ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க. ஒன்னப் பாக்கணும்னாரு. அதுக்குத்தான் ரெண்டு தடவ கூப்பிட்டேன்.”

சரவணன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. சின்ன வயதில் அவனைப் பால் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர்தான் என்று வள்ளி பிறகு சொன்னார்.

நான் அதோடு திரும்பி வந்திருக்கலாம். இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது. போனேன்.

மோட்டார் கருப்பையாவும் வள்ளியும் கூடவே வந்தார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தோளைத் தட்டினார், ஒருவர் நூறு வயசு என்றார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றார். தப்புக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே போனேன். பால்காரர் நடு வீட்டில் கிடந்தார். பக்கத்தில் முப்பது வயது இருக்கும் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மாலதி. கண்ணில் தண்ணீர் இல்லை. நான் யார் என்று சொல்லி, மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

“அவரு இருக்காருன்னு எல்லாரும் சந்தோசப்படுறாங்க. எனக்கும் சந்தோசந்தாங்க. எங்கப்பா செத்ததுக்குத்தான் இன்னக்கி யாரும் இல்ல.”

இருபத்தாறு வருடத்தில் என்னை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். ஒரு எழுத்து விட்டுப்போனதற்குக் கை ஓங்கிக்கொண்டு வந்தவர் உண்டு. இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து நான் பதறியதெல்லாம் உயிரோடு இருந்தவருக்காக. செத்தவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய பேனர் அது, அவர் முகத்தை நான் தூக்கி எறிந்துவிட்டு வேறு முகத்தை வைத்தேன் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் முன்பு முந்திரிக்காட்டில் சிரித்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

அவரிடம் நல்ல படம் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். அப்பாவுக்குப் போட்டோ என்றாலே பிடிக்காது என்றாள். அதே நேரத்தில் என் போனில் மெசேஜ் வந்தது. சரவணன். வார்த்தை ஒன்றும் எழுதவில்லை, மூன்று படங்கள் மட்டும். போன லீவில் வந்தபோது எடுத்தது. பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கேரியரில் கேன், யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். முன் தலையில் முடி இல்லை. ரேஷன் கார்டில் இருந்த முகம் இதுதான். இப்போது பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அதை மாலதியிடம் கொடுத்தேன். பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நேரமானாலும் ஆகட்டும் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இவருதாங்க என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவள் அழும் சத்தம் கேட்டு வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வள்ளி முதல் ஆளாக வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

படத்தைக் கடைக்கு அனுப்பினேன். முதலாளியே உட்கார்ந்து செய்து, பேனரை மூன்று மணிக்குக் கொடுத்தனுப்பினார். பணம் வாங்கவில்லை. மோட்டார் கருப்பையாதான் கம்பத்தில் ஏறிக் கட்டினார்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கண்ணீர் அஞ்சலியாக இருந்தாலும் அந்த வீட்டு ஆள் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இவர்தான் என்று வாயால் சொல்லச் சொல்வேன். எத்தனையோ பேர் எரிந்து விழுந்தார்கள். சாவு வீட்டில் இருக்கிறோம், உனக்கு விவஸ்தை இல்லையா என்று கேட்டார்கள். கேட்கட்டும். நல்ல படம் கிடைக்கவில்லை என்றால் மங்கலான படத்தையே போடுங்கள். அது மங்கலாக இருக்கும், ஆனால் அவருடையதாக இருக்கும். தப்பு நடந்துவிட்டால் கட்டைவிரலைக் காட்டாதீர்கள், புறப்பட்டுப் போங்கள்.

அன்று நாலு மணிக்கு ஊர்வலம் கிளம்பும்போது சரவணன் மறுபடியும் கூப்பிட்டான். லாரியை இன்னும் எடுக்கவில்லையாம், மேஸ்திரியிடம் திட்டு வாங்கியாயிற்றாம். பால்காரரைப் பார்க்க வேண்டும் என்றான். வீடியோவில் போட்டுப் போனை உயர்த்திப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் தெரு முனையோடு நின்றுவிடுவது வழக்கம். நானும் மாலதியும் வள்ளியும் அங்கே நின்றோம். தப்புச் சத்தம் தூரத்தில் தேய்ந்துகொண்டே போயிற்று. கடைசி ஆளும் திருப்பத்தில் மறைந்த பிறகு, கட் பண்ணட்டுமா என்று கேட்டேன்.

“இருங்கக்கா, கொஞ்ச நேரம் அப்படியே புடிங்க” என்றான்.

தெருவில் யாரும் இல்லை. சிந்திய பூ மட்டும் கிடந்தது. கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.